எடைத்தாளில் ஏறாதது

பெத்தெல் விமானத் திடலின் தகரக் கொட்டகையில்
எல்லாவற்றையும் நிறுத்துத்தான் ஏற்றுவேன்.
டயப்பர் பெட்டி, நாற்பது பவுண்டு.
படகு மோட்டாரின் விசிறி, பதினொன்று.
யாரோ பிறந்தநாளுக்குச் சொல்லியனுப்பிய வாழைப்பழம், ஆறு.
ஒலிங்கா, பூட்ஸோடு, நூற்று நாற்பத்திரண்டு.
அவள் இடுப்பில் அனீசியா
இருபத்தொன்று, மூக்குச்சளி உட்பட.

சத்தத்துக்கு மட்டும் அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இந்தச் செஸ்னாவுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம்.
கதவிடுக்கில் கம்பளி செருகியிருக்கிறேன்,
அது குளிருக்கு.
விசிறி சுழலத் தொடங்கினால்
முதலில் பல்லில் கேட்கும், பிறகு விலாவில்,
கடைசியில்தான் காதில்.
இருபத்தாறு வருடமாய்ப்
பழகிவிட்டது என்றே சொல்லிவந்தேன்.
பழகவில்லை.
போய்க்கொண்டிருந்தது,
காதும் காதும் வைத்தாற்போல்.

முதலில் போனது கொசு.
யார் வருத்தப்படப் போகிறார்கள்?
அப்புறம் கெட்டிலின் விசில்.
அப்புறம் என் மனைவியின் வாக்கியங்களில்
ஓட்டை விழுந்தது.
உயிர் வந்து சேர்ந்துவிடும்,
மெய் வழியிலேயே உதிர்ந்துவிடும்.
காசு என்றாள் ஒருநாள்.
நான் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
ஆஸ்பத்திரியில் காட்டிய வரைபடத்தில்
என் கோடு நேராய்ப் போய்
வலது ஓரத்தில்
வெள்ளம் தின்ற குஸ்கோக்விம் கரைபோல
இடிந்து கிடந்தது.

அதிலிருந்து என் இருக்கைக்குப் பின்னால்
ஒரு காபி டப்பா.
உள்ளே சின்னச் சின்னக் காதுமூடிகள், மஞ்சள்,
இலாஸ்டிக் பட்டை வைத்தவை.
பஞ்சு அடைப்பான் வேண்டாம்,
பிடுங்கி விழுங்குகிற வயசு.

"நாற்பது நிமிஷம்தானே" என்றாள் ஒலிங்கா.
உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.
சாவியை உருவிப் பையில் போட்டேன்.

முதல் காதுமூடி தபால் மூட்டைக்கடியில் பறந்தது.
இரண்டாவது முறை பட்டையைக் கடித்தாள்.
நான் அதை எடுத்து வாழைப்பழச் சீப்புக்கு மாட்டினேன்.
அனீசியா அழுகையை நிறுத்திவிட்டு
வாழைப்பழத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பெரிய காதுமூடி போட்ட அம்மாவைப் பார்த்தாள்.
தன் சொத்தைக் களவு கொடுத்தவள்போல்
கையை நீட்டினாள்.
மாட்டியதும் முயல்தோல் குல்லாயை மேலே இறக்கி
தாடைக்குக் கீழே முடிச்சிட்டாள் ஒலிங்கா,
விரல் எட்டாத இடத்தில்.

ஆற்றின் இரண்டாம் வளைவுக்குள் தூங்கிவிட்டாள்.
கீழே பனி அங்கங்கே கருத்துப்போய்
தண்ணீர் எட்டிப் பார்த்தது.

இறங்கும் முன் திரும்பி
கட்டைவிரலை என் வாயில் வைத்துச் சப்பிக் காட்டினேன்:
எழுப்பு, பால் கொடு, விழுங்கினால் காதடைப்பு விடும்.
நரைத்த மீசையோடு விரல் சப்புகிற விமானியைப் பார்த்து
அவள் சிரித்த சிரிப்பு
முழுதாய்த் தெரிந்தது, பாதிதான் கேட்டது.

சரளைக்கல் தளம். விசிறி நின்றது.
எனக்கு நிசப்தம் என்று ஒன்று இனி இல்லை,
உள்ளே ஒரு கம்பி எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.
ஒலிங்கா முடிச்சை அவிழ்த்தாள்.
குல்லாய். காதுமூடி.
வேர்த்து ஒட்டிய முடிக்கு நடுவே
இரண்டு சிவந்த காதுகள்.

டயப்பர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.
அனீசியா சட்டென்று தலையைத் திருப்பினாள்
டீசல் பீப்பாய்களின் பக்கம்.
நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை.
அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அப்போதுதான் தெரிந்தது,
பீப்பாய் விளிம்பில் ஒரு கைப்பிடி வெள்ளைச் சிட்டு,
அலகு திறந்து மூடுகிறது,
திறந்து மூடுகிறது.

"எப்படிப் பாடுது?" என்று ஒலிங்காவிடம் கேட்டேன்.
அவள் உதட்டைக் குவித்துச் செய்து காட்டினாள்.

தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினேன்.
வாழைப்பழம் ஐந்தேமுக்கால்.