நிறுத்தம்

பர்கூர் சாலை மாங்கூழ் ஆலையில்
ஏற்றுமதி மேசை என்னுடையது.
ஆனி மாதம். பெங்களூரா வரத்து உச்சம்.
வாசலிலிருந்து மேம்பாலம் வரை டிராக்டர்கள்.

பதினோராவது தொகுதியில் புளிப்பு ஏறியதால்
லைனை ஒரு மணி நேரம் நிறுத்திச் சோதித்தோம்.
அதைத்தான் எழுதினேன் ராட்டர்டாமுக்கு:
வி ஸ்டாப்டு டெஸ்டிங்.

இரவு ஒன்பதரைக்குப் போன்.
சோதிப்பதையே நிறுத்திவிட்டீர்களா என்று.
துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர்கள் நின்றன
என் ஒற்றை ஐஎன்ஜி வாலில் கட்டுண்டு.

சோதிக்க நிறுத்தினோம்.
சோதிப்பதை நிறுத்தினோம்.
தமிழில் இதை நான்
தூக்கத்தில்கூட மாற்றிச் சொல்லமாட்டேன்.

மேலாளர் திம்மராயன் சிரிக்கவில்லை.
போன சீசனில் விளம்பரத் தாளுக்கு
நான் எழுதிய ஆங்கில வரிக்கும் அவர் சிரிக்கவில்லை.
தமிழில் சொன்னால் அது இப்படி:
நன்கு பழுத்து, எங்கள் மேலாளர்
ஒவ்வொரு கனியையும் தேர்ந்தெடுக்கிறார்.
பழுத்தது யார் என்று
துபாயிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

பெல்ட்டில் நிற்கும் நாகவேணிக்கு
இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.
அழுகும் பழம் இடது கூடைக்கு,
கத்தி சுற்றி ஓடினால் பாதி தேறும்.
அழுகிய பழம் குழிக்கு.
நடுவில் இருப்பது அவள் கட்டைவிரல் அழுத்தம்,
அவ்வளவுதான்.
ஒரு ஷிஃப்டுக்கு ஆறாயிரம் தடவை
காலம் பிரிக்கிறாள்,
வலது காதில் போன் பாட்டு ஓட.

எச்சம் என்று பெயர் வைத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.
முற்றாத வினை,
ஒரு பெயரையோ இன்னொரு வினையையோ
பற்றிக்கொள்ளும்வரை
அந்தரத்தில் நிற்பது.

காலையில் திருத்தி அனுப்பினேன்.
வி ஸ்டாப்டு டு டெஸ்ட்.
வாலை வெட்டி, முன்னால் ஒரு டு.
மதியத்துக்குள் கண்டெய்னர்கள் நகர்ந்தன.

மாலை கம்பெனி பஸ்
டோல்கேட் வரிசையில் ஊர்ந்தபோது
இடப்பக்கம் அந்த மண் ஓரம்.
ஓசூரிலிருந்து இறங்கும்போதெல்லாம் மாதப்பன்
லாரியை அங்கேதான் ஒதுக்குவான்,
இன்ஜினை அணைக்காமல்,
இரைச்சலோடு என் பெயர் சொல்வான்.

கூப்பிட நிறுத்தினான்.
பிறகு, எந்த மாதம் என்று சொல்லத் தெரியவில்லை,
கூப்பிடுவதை நிறுத்தினான்.

இரண்டு வாக்கியத்திலும் பிழை இல்லை.
எதைத் திருத்தி
யாருக்கு அனுப்ப