தொண்ணூற்றாறு

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில்
சிக்னல் ஒரு பாறைமேல் மட்டும்.
ஊசிக்குப் பெயர் பதிய
ஈச்சன் காணியின் மகள் அதில் ஏறினாள்.
ஓடிபி வந்தது.
இறங்கிவந்து சொல்லும்முன்
காலாவதி.

இரண்டாம் அலையில் நான் படகேறிப் போனபோது
அவருக்கு மூச்சு வாங்கிற்று.
விரலில் கருவியை மாட்டினேன்.
தொண்ணூற்றாறு.
நோட்டில் குறித்துக்கொண்டு
அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

கருத்த தோலில் அது
கூட்டிச் சொல்லலாம் என்பதை
மறு வருடம் குலசேகரம் பயிற்சியில் கேட்டேன்,
டீக்கும் வடைக்கும் நடுவே.
என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

இப்போதும் அதே படகு, அதே கருவி.
எண்ணைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.
முதலில் உதடு, நகம்,
ஒரு மூச்சுக்கு எத்தனை சொல்.

அவர் மகள் மட்டும்
விரலை நீட்டுவதில்லை.
"அப்பனுக்கும் அது நல்லாத்தான் காட்டிச்சு,
சிஸ்டர்."