குடும்பப் பெயர் என்ற கட்டம்

சிவாஜிநகர் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில்
மின்விசிறி படிவத்தைத் தூக்கப் பார்த்தது.
ஸ்டேப்ளரை மேலே வைத்தேன்.
மணமகன்: டெரிக் ஆல்வின் பிண்டர்.
மணமகள்: மு. கோமளவல்லி.
"சர்நேம் ஹேளி மேடம்."
எங்களுக்குக் கிடையாது சார், இனிஷியல்தான்.
கட்டம் காலியாக இருந்தால்
கம்ப்யூட்டர் ஏற்காது என்றார் குமாஸ்தா.
சாப்பிட்டுவிட்டு வருகிறேன்,
யோசித்து வையுங்கள்.

பிண்டர்.
முதல் தடவை கேட்டபோது என் அக்கா
"அமாவாசைக்கு வைப்பார்களே, அதுவா?" என்றாள்.

குக் டவுனில் டெரிக்கின் அத்தை மெர்லின் வீட்டில்
பியானோவுக்கு மேல் ஒரு கேடயம் தொங்கியது.
இரண்டு சிங்கம், ஒரு கோட்டை,
லண்டனுக்குப் பணம் அனுப்பித் தபாலில் வரவழைத்தது.
பிண்டர் என்றால் பிரபு வம்சம் என்பாள்
அச்சு முறுக்குத் தட்டை நகர்த்தியபடி.
பிறகு குரலை இறக்கி, அவனிடம் மட்டும்:
"பெண்ணோட அப்பாவுக்கு என்ன வேலை?"
"கார்ப்பரேஷன்" என்றான்.
கார்ப்பரேஷனில் என்ன என்பதை
கேக்கோடு சேர்த்து விழுங்கினான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான்
பெர்த்திலிருந்து வந்தான் பெரியப்பா மகன் லெஸ்லி,
பெட்டியில் பாதி நகல் தாள்கள்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று, கண்டோன்மென்ட்:
குதிரைப்படை லாயத்தில் லாடம் அடித்த ஜோசப்.
ஞானஸ்நான ஏட்டில் பிண்டார்,
திருமண ஏட்டில் பெண்டர்,
செத்த பிறகுதான் எழுத்து சரியாக வந்திருக்கிறது.
மனைவி பெயர் மேரி. அவ்வளவுதான்.
பக்கத்தில் சாய்வாக: இந்த ஊர்ப் பெண்.
மேரிக்கு முன்னால் அவள் யார் என்று
பாதிரியார் கேட்கவில்லை,
கேட்டும் எழுத வராமல் விட்டிருக்கலாம்.
ஒரு ழகரம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது எனக்கு.

கடைசித் தாளை லெஸ்லி தயங்கித்தான் படித்தான்.
யார்க்‌ஷயர் பக்கம், கிராமத்துக்கு ஒருவன்,
பிறர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து
கல்சுவர்ப் பட்டியில் அடைத்து
உடையவன் தண்டம் கட்டும்வரை
தண்ணீர் காட்டி வைத்திருப்பான்.
அடைப்பவன். அதுதான் பிண்டர்.
பவுண்டு என்கிறோமே, அதுவும் இதே வேர்.

மெர்லின் அத்தை எழுந்து போய்
அணைந்த அடுப்பை மறுபடி அணைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பவுண்டு என்றால் எனக்குத் தெரியும்.
இருபத்தாறு வருஷம்
கார்ப்பரேஷன் மாட்டு லாரியிலிருந்து கயிறு வீசியவர்
முனிரத்தினம்.
டேனரி ரோடு, ரஸ்ஸல் மார்க்கெட் பின்சந்து,
பிளாஸ்டிக் தின்று உப்பிய வயிறுகள்.
மாட்டுக்காரர்கள் வீடு தேடி வந்து
அம்மாவைத் திட்டிவிட்டுப் போவார்கள்.
ஒரு தடவை கல். அப்பாவின் இடது புருவம்
இன்றைக்கும் இரண்டு துண்டுதான்.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
பட்டிக்குத் தண்ணீர் காட்டப் போவார்,
அது அவர் டியூட்டியே இல்லை.
பள்ளிக்கூடப் படிவத்தில், அப்பாவின் வேலைக்கு எதிரே,
எல்லா வருஷமும் நான் எழுதியது:
டிரைவர்.

குமாஸ்தா திரும்பிவிட்டார், விரலில் சாம்பார் மணம்.
"உன் இஷ்டம்" என்று டெரிக் பேனாவை நீட்டினான்.
சின்னக் கட்டம், நாலு பக்கமும் கோடு.
ஒரு மாடு நிற்கலாம்,
படுக்க முடியாது.

பிண்டர் என்று எழுதினேன்.
டெரிக் முகத்தில் ஒரு வெளிச்சம்,
தன் பேர் என்று நினைத்துக்கொண்டான்.
அடுத்த கட்டம்: தந்தையின் தொழில்.
மேலே காண்க என்று போட்டேன்.
குமாஸ்தா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
ஸ்பெல்லிங் சரிதானா என்றார்.