வேட்டு எண் 1184

ஜூலை மழை. கொன்சேப்சியோனில் மூன்றாம் மாடி.
கப்பல் கரைசேர்ந்து மூன்று வாரம்.
அது இழுத்துப்போன மூன்று கிலோமீட்டர் வால்
கேட்டதெல்லாம் இப்போது என் வட்டில்:
காற்றுத் துப்பாக்கி வெடிக்க வெடிக்க
கடலடி திருப்பிச் சொன்ன பதில்கள்.

பதிலில் பாதி பொய்.
தரைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே
பந்தாடித் திரும்பும் ஒலி
சொன்னதையே இன்னொருமுறை சொல்லும்,
ஏதோ ஆழமான சேதி போல.
அதை முதலில் கழிக்க வேண்டும்.
பிறகு அலையின் இரைச்சல். பிறகு செத்த தடங்கள்.
பிறகு வேகம்:
எந்தப் படிவத்தை ஒலி எத்தனை விரைவில் கடந்தது என்று
சுட்டியால் ஒரு புள்ளி, அதற்குக் கீழே ஒரு புள்ளி.
பிசகினால் மேடு பள்ளமாகும்.

நேற்று ராத்திரி அது தெரிந்தது.
கடலடி ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி,
படிவங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு
ஒரு கோடு.
அதே வளைவு, தலைகீழ் முகம்;
அங்கே கறுப்பு வந்த இடத்தில் இங்கே வெள்ளை.
கோட்டுக்கு மேலே, எரியக்கூடிய பனி.
கீழே, அடைபட்ட வாயு.
இருக்கலாம்.
அறிக்கையில் அப்படித்தான் எழுதுவோம்: இருக்கலாம்.

ஓரிடத்தில் மட்டும் கோடு அறுந்திருந்தது.
கப்பலின் குறிப்பேடு சொன்னது:
"வேட்டு 1184 முதல் 1230 வரை. மீன்படகு குறுக்கீடு.
ரேடியோவில் எச்சரித்தோம். விலகவில்லை."
நாற்பத்தேழு வேட்டுகளை வெட்டி எறிந்தவள் நான்தான்.

விலகாதவர் வெள்ளிக்கிழமை படியேறி வந்தார்.
எவாரிஸ்தோ லெவிமான், திருவாவிலிருந்து.
நனைந்த கம்பளித் தொப்பி. கிழிந்த வலைக்கு
நஷ்டஈடு கேட்டு ஒரு விண்ணப்பம்.
அதை வாங்கும் மேசை கீழ்த்தளத்தில்; ஆள் இல்லை.
என் திரையைப் பார்த்தார்.
"இதுதான் எங்கள் கடலா?"
அதன் அடி, என்றேன்.
"இதில் நான் எங்கே?"

அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.
மூலக் கோப்பைத் திறந்தேன்,
வடிகட்டாதது, கழுவாதது.
கூரை முகடு போல ஒரு வளைவு
எல்லாப் படிவங்களின் மேலும் கவிந்து கிடந்தது.
பெரிதாக்கினேன். துடிப்புகள்.
ஒன்று, இரண்டு, இடைவெளி, நான்கு.
ஒன்று, இரண்டு, இடைவெளி.

விரல் திரையைத் தொடாமல் நின்றது.
"மூன்றாவது சிலிண்டர்" என்றார்.
"மார்ச்சிலிருந்து நொண்டுகிறது. மெக்கானிக் நம்பவே இல்லை."

ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன்.
விதிப்படி கொடுக்கக் கூடாது.
சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கதவருகே திரும்பி,
"அந்தப் பனியை எடுத்துவிட்டால்
மேலே இருக்கிற மண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?"
இருக்கலாம் என்ற சொல் அங்கே உதவவில்லை.
விண்ணப்பத்தை என் மேசையிலேயே விட்டுப் போனார்.

திங்களன்று இறுதிப் படம் மேலிடத்துக்குப் போனது.
1184க்கும் 1230க்கும் நடுவே
இருபுறத்துக் கோட்டையும் இழுத்து முடிந்திருக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.
உற்றுப் பார்த்தால்தான் தெரியும்,
அந்த இடத்தில் மட்டும் கடல்
தேவைக்கு மேல் அமைதியாக இருப்பது.