பின்பக்கக் கணக்கு

பொதுநோக்கு மண்டபத்தில் விசிறி சுற்றவில்லை.
வவுனியாவிலிருந்து வந்த பிள்ளை
ஆளுக்கொரு பேனை தந்தாள். கொப்பி முடிந்துவிட்டதாம்.
"ஒவ்வொரு இரவும் மூன்று விசயம் எழுதுங்கோ அக்கா,
நன்றி சொல்ல வேண்டிய மூன்று."
பின்வாங்கிலிருந்து திலகமணி கேட்டாள்:
"எழுதிப்போட்டு ஆருக்குப் பிள்ளை அனுப்புறது?"
மண்டபம் சிரித்தது. பிள்ளையும் சிரித்தாள்.
அவளுக்குப் பதில் தெரியவில்லை,
தெரியாததை மறைக்கவும் இல்லை.
அது எனக்குப் பிடித்தது.

மல்லாவியில் நன்றி என்ற சொல்
ஒலிவாங்கிக்கு மட்டும் உரியது.
கூட்டம் முடிகையில் ஒருவர் எழும்பி
பந்தல் போட்டவர் முதல் சோடா உடைத்தவர் வரை
பெயர் வாசிக்க, கதிரைகள் இழுபடும்.
மற்றப்படி,
ஒரு கோப்பை தயிர் வந்தால்
வெறுங்கோப்பை திரும்பிப் போகாது.
நாலு கத்தரிக்காய். இல்லாவிட்டால் ஒரு பிடி உழுந்து.
சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

என்னிடம் இருந்த ஒரே கொப்பி
கடைக் கணக்குக் கொப்பி.
முன்பக்கம் முழுக்க கடைக்காரரின் எழுத்து:
மா இரண்டு கிலோ. சீனி அரை. நெருப்புப்பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை.
நான் அதைத் தலைகீழாய்க் கவிழ்த்து
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதல் இரவு ஒன்றும் வரவில்லை.
இரண்டாம் இரவு கோபத்தில் எழுதினேன்:
யானை வேலியை முறித்தது. மூன்று வாழை போனது.
வீட்டுப்பக்கம் திரும்பவில்லை.
கடைசி வரியில் பேனை கொஞ்சம் நின்றது.

பிறகு நாள் தவறி நாள் தவறி:
துணுக்காய் மினிபஸ் தரிப்பிடம் தாண்டியும் நின்றது,
நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் கண்டிருக்கிறான்.
பாலைப்பழம் விற்ற பொடியன்
சுண்டு நிரம்ப அளந்து மேலே ஒரு பிடி போட்டான்,
யோசித்து, இன்னும் இரண்டு பழம்.
மகளுக்குக் கணிதத்தில் முப்பத்தெட்டு. ஒளிக்காமல் காட்டினாள்.

நேரே தொகை எழுத இடமிருந்தது.
தொகைதான் தெரியவில்லை.

கரண்ட் இல்லாத ஓர் இரவு
குப்பிவிளக்கில் இதையும் எழுதினேன்:
தறப்பாளுக்குக் கீழே, மழையில்,
தன் பிள்ளையின் பால்மாவில் இரண்டு கரண்டி
பேப்பரில் சுற்றித் தந்தவள்.
பச்சைச் சட்டை. இடது கையில் தழும்பு.
பெயர் கேட்கவில்லை.
அடுத்த நாள் அந்த இடத்தில் தறப்பாள் இல்லை.

அந்தப் பால்மா குடித்தவள்தான்
இப்போது கணிதத்தில் முப்பத்தெட்டு.

இத்தனை வருடமாக
என் கையில் கிடக்கும் வெறுங்கோப்பை அது.
எதைப் போட்டு
எந்தப் படலைக்குக் கொண்டுபோக?

மாத முடிவில் கணக்குப் பார்க்கவென்று
கடைக்காரர் கொப்பியை மாறிப் பிடித்துவிட்டார்.
நான் பறிக்கக் கை நீட்ட முதல்
தன்னைப் பற்றிய வரியையும் வாசித்துவிட்டார்:
கடைச் சகாயனாதன். ஆட்கள் நிற்கும்போது
என் கடனைச் சத்தமாய்க் கேட்பதில்லை.

கடையில் ஆட்கள் நின்றார்கள்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார்.
சிவப்புப் பேனையை எடுத்து
அவர் பெயரின் நடுவில் நான் விட்ட பிழையை,
அந்த னாவை, வெட்டி
நாவாக்கினார்.

பிறகு முன்பக்கம் திருப்பி
ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது என்று கூட்டிக்
கோடு இழுத்தார்.
ஒரு சதம் குறைக்கவில்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
குறைத்திருந்தால்
அடுத்த மாதம் அந்தப் படியில் எப்படி ஏறுவேன்?
குறைக்காததையும் எழுத வேண்டும்.

வவுனியாப் பிள்ளையின் பேனை
இடைக்கிடை எழுத மறுக்கிறது.
உதறினால் வருகிறது.