உடனடிக் காரணம்

பக்கிரிசாமியின் இதயம் முந்நூற்றுப் பத்து கிராம்.
குழாய்களில் அடைப்பில்லை, மூளையில் கசிவில்லை,
கணுக்காலில் பல் பதிந்த தடமில்லை.
வயது முப்பத்தேழு.
இரண்டாம் தடவை விதைத்த வயலின் வரப்பில்
உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பிணவறை வாசலில் எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது.
ஊசி போட்ட நாளிலிருந்தே ஆள் சரியில்லை என்றான் மைத்துனன்.
காலையில் களைக்கொல்லி அடித்தார்,
மூக்கில் துணிகூடக் கட்டவில்லை என்றார் பக்கத்து வயல்காரர்.
சங்கத்துக்காரர் தனியே அழைத்து,
‘அதிர்ச்சின்னு ஒரு வார்த்தை போடுங்க டாக்டரம்மா,
நிவாரணம் கிடைக்கும்.’
தாசில்தார் ஆபீஸிலிருந்து போன்:
‘மாரடைப்புதானே?’

மாரடைப்பு,
நின்றுபோன எந்த இதயத்துக்கும் பொருந்துகிற சட்டை.
ஆனால் நான் திருத்துறைப்பூண்டிக்காரி, கடைமடையில் வளர்ந்தவள்.
தண்ணீர் ஏன் வரலை என்று கேட்டால்
வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கே என்று சொல்லும்
லஸ்கர்களைத் தெரியும் எனக்கு.

படிவம் கோடு கோடாகக் கீழிறங்குகிறது:
இதற்குக் காரணம், அதற்குக் காரணம்.
நான் வாய்க்காலை எதிர்த்து நடக்கிறேன்.
மதகு, ஆறு, அணை,
அதற்கும் மேலே எங்கோ பெய்யாத மழை.
பேனாவை எந்த இடத்தில் நிறுத்த?

கல்லீரலும் இரைப்பையும் சிறுநீரகமும்
உப்புக் கரைசலில்
ஏட்டு மதியழகன் மடியில் தஞ்சாவூர் பஸ் ஏறின.
டிக்கெட் அவருக்கு மட்டும்.
பதினோரு வாரம் கழித்து வந்தது:
நஞ்சு ஏதும் கண்டறியப்படவில்லை.

கண்டறியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை
என்றேன் மைத்துனனிடம்.
‘அப்ப ஊசிதான்.’
இல்லப்பா, அதுக்கும் இந்த உடம்புல சாட்சி இல்ல.
எனக்கே அது மழுப்பலாகக் கேட்டது.

செண்பகவல்லி செவ்வாய்க்கிழமை வந்தாள்.
சான்றிதழை வாங்கி, தடவிப் பார்த்து,
வாசிக்கச் சொல்லித் திருப்பித் தந்தாள்.
காரணம் அறிய இயலவில்லை என்று வாசித்தேன்.

‘முதநா ராத்திரி சண்டைங்க.
பேசாம அந்தாண்ட திரும்பிப் படுத்துட்டேன்.
அது இதுல வராதுங்களா?’

வராது என்றேன்.
அதற்கென்று கட்டமே இல்லை என்று சொல்லவில்லை.

முத்திரை காயுமுன் தாளை நாலாய் மடித்தாள்.
வீட்டில் பிரிக்கும்போது
என் பெயர் இடவலம் மாறி
அவர் பெயர்மேல் படிந்திருக்கும்.