மூன்றாம் தடவை

ஷார்ஜா, சஜா. கேம்ப் பதினாலு, அறை எட்டு.
ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்த
சர்வாலியின் போன்தான் எங்கள் தியேட்டர்.
திரையில் குறுக்கே ஒரு விரிசல்.
எந்தக் கதாநாயகியும் அதில்
இரண்டு துண்டாகத்தான் அழுவாள்.

புதன்கிழமை ஏழு மணிக்கு
கராச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்து
எங்கள் இரும்புக் கட்டில்களுக்கு நடுவே சண்டை போடும்.
பெரிய சோபா. பெரிய படிக்கட்டு.
இறங்கி வரும்போதே பொய்யோடு வரும் மாமியார்.
எனக்கு உருது தெரியாது.
ரொட்டி, தண்ணீர், சம்பளம், நாளைக்கு,
தங்கம், எவ்வளவு, திரும்ப.
சைட்டிலும் கடைவீதியிலும் பொறுக்கிய இந்த ஏழு சொல்
காதல் காட்சிக்கு உதவாது.

மொழிபெயர்ப்பு: மீரான், காயல்பட்டினம்.
பதினோரு வருஷத்து ஃபோர்க்லிஃப்ட் இந்தி.
அவர் வாயில் கராச்சி மாமியார்
"ஒனக்கு என்ன கொழுப்புளா" என்பாள்.
நாயகன் கவிதை சொன்னால் மட்டும்
"ஏதோ நெலா கிலாங்கான்" என்று முடித்துவிடுவார்.
சர்வாலி அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வான்.
அவனுக்கும் உருது பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான்.
நிலா கிலாவில் அவ்வளவு இருக்கிறதா என்று
அவன் இமையைப் பார்த்து நான் கணக்குப் போடுவேன்.

ஸ்வாபிக்காரன். கிரேன் ஓட்டுகிறவன்.
எட்டு டன் பீமை
முட்டை வைப்பதுபோல் இறக்குவான்.

இருபத்திரண்டாம் வாரம் நிக்காஹ்.
சம்மதமா என்று கேட்டார்கள்.
முக்காட்டுக்குள் சத்தமில்லை.
மறுபடி கேட்டார்கள்.
விளம்பரம் வந்தது. டீத்தூள், சமையல் எண்ணெய்,
ஏழு நாளில் முகத்தை வெளுக்கிற கிரீம்.
தில்பகதூரின் குக்கர் நாலு விசில் அடித்தும்
அணைக்க ஒருவரும் எழவில்லை.
மூன்றாம் தடவை கேட்டார்கள்.
மீரானும் பேசவில்லை,
மொழிபெயர்க்க அங்கே ஒன்றுமில்லை.
யாரோ ஒரு சித்தப்பா "சரி, சரி" என்றார்.
பேரீச்சம்பழம் பறந்தது.
பருப்பு கருகியது.

"பேசாமல் இருந்தால் சம்மதம்தான்"
என்றான் சியால்கோட் நவாஸ்.
எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று
மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பதை
கெட்டிக்காரத்தனமாக நான் எடுத்துக் கொடுத்தேன்.
மீரான் இந்தியில் சொன்னார்.
நவாஸ் என் முதுகில் தட்டினான்.
சர்வாலி என்னைப் பார்த்தான்,
சங்கிலி சரியாக இறுகாத சுமையைப் பார்ப்பதுபோல்.

பிறகு தியேட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான்.
அடுத்த மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம்.
ரோலாவில் வாங்கிய நாலு வளையல்
பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.
பஷ்தோவில் கத்தினான். அது மீரானுக்கும் தெரியாது.
பல்வஷா என்றான். பல்வஷா.
ஒரே பெயர், ஒவ்வொரு தடவையும் வேறு எடை.
அப்புறம் வெகுநேரம் அவன் பேசவில்லை.
அந்தப் பக்கம் யாரோ பேசியிருக்க வேண்டும்.

நானும் கூப்பிட்டேன்.
செவ்வந்தி, உன்னைப் பொண்ணு பார்க்க வந்தோமே,
பிடிச்சிருக்கான்னு உன்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?
"மணி பதினொன்னு. என்ன நாடகம் பாத்தே?" என்றாள்.
சிரித்தாள்.
சிரிப்பு தீர்ந்த பிறகும் போனை வைக்கவில்லை.
நான் கேட்டது கேள்விதானா,
இல்லை ஏழு வருஷம் பிந்திய வேறு எதுவுமா,
விசிறி சுற்றும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அடுத்த புதன் கிரிக்கெட். நாடகம் இல்லை.
நவாஸ் கட்டில்மேல் நின்று கத்தினான்.
சர்வாலி டப்பாவைத் திறந்து,
மூடி,
மீரானிடம் ஏதோ விசாரித்தான்.
மீரான் எனக்கு அதைச் சொல்லவில்லை.
தங்கம். திரும்ப. எவ்வளவு.
சொல்ல வேண்டியிருக்கவில்லை.